உடைந்த பெஞ்சு

பள்ளத்தூர் கிளையில் கடன் பிரிவு என்னுடையது.
மூன்று மணிக்கு மேல் கூட்டம் வடியும்.
இழுப்பறையில் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்று,
காரைக்குடியில் பழைய சாமான் கடையில்
பீங்கான் ஜாடிகளுக்கு அடியில் கிடந்தது.
நாற்பது ரூபாய். அட்டை இல்லை.
'ஏ' முழுவதையும் கரையான் வாசித்து முடித்திருந்ததால்
நான் 'பி'யில் தொடங்கினேன்.

பேங்க் வந்தது.
இத்தாலியச் சந்தையில்
நாணயம் மாற்றுகிறவன் போட்டு உட்கார்ந்த பெஞ்சாம்,
அவ்வளவுதான்.
கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பெட்டக அறை
எல்லாவற்றையும் மனசுக்குள் கழற்றிப் பார்த்தேன்.
ஒரு பலகை, நாலு கால் மிஞ்சியது.

எங்களிடமும் ஒன்று இருக்கிறது.
டோக்கன்காரர்கள் நெருக்கி உட்காரும் தேக்கு பெஞ்சு.
ஏதோ பெரிய வீட்டுச் சாமான், ஏலத்தில் வந்தது.
ரங்கூனிலிருந்து மரமாக இறங்கியது என்பார்
மேலாளர் தணிகாசலம், யாரும் கேட்காமலே.
'டி'யில் தேடினேன்.
டீக் நம்முடைய தேக்குதான்,
மலையாளக் கரையில் போர்ச்சுகீசியன் வாயில் ஏறிப் போயிருக்கிறது.
மரம் அங்கிருந்து வந்தது,
பெயர் இங்கிருந்து போனது.
கடலில் எங்கேயாவது இரண்டும்
அடையாளம் தெரியாமல் கடந்திருக்கும்.

கேஷ் என்பது காசுதான் என்று
கல்லூரியில் பந்தயம் கட்டி
இரண்டு பரோட்டா ஜெயித்தவன் நான்.
அகராதி பாதிதான் என் பக்கம்.
சின்னச் செப்புக்காசைக் குறித்த கேஷ் வேறே,
அது உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது.
ரொக்கம் என்கிற கேஷ்
பணம் போட்டு வைத்த பெட்டியின் பெயராம்.
ஒரு பரோட்டாவையாவது திருப்பித் தரவேண்டும்.
ஆறுதலுக்குத் தமிழ் அகராதியைப் பார்த்தேன்:
வட்டிக்குப் பழைய பொருள் பனையோலைப் பெட்டி.
பெட்டிமேல் பெட்டி.
உள்ளே என்ன இருந்தது என்று
இரண்டு மொழியும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பூமயில் வந்தாள்,
பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை,
கையில் வீட்டுப் பத்திரம், மஞ்சள் பையில்.
படிவத்தில் விரலை வைத்து
"மார்ட்கேஜுன்னா என்ன சார்?" என்றாள்.
அடமானம் என்றேன்.
செத்த ஈடு என்று சொல்லவில்லை.
கடன் அடைந்தால் ஈடு கொடுத்தவனுக்குச் சாகும்,
அடையாவிட்டால் வாங்கியவனுக்குச் சாகும்,
பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் அப்படி.
அதை எந்த முகத்தோடு சொல்வது.

அவளுக்கு அடமானம் போதவில்லை.
"எம் பொண்ணு வேற சொன்னாளே.
மார்ட்டுன்னா கடை. கேஜுன்னா கூண்டு.
கடைக்காக வீட்டைக் கூண்டுல வைக்கிறது."
பேனாவை மூடிவிட்டேன்.
அகராதியில் அதற்கு இடமில்லை,
ஆனாலும் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

டோக்கனோடு போய் உட்கார்ந்தாள்.
ஏற்கெனவே அங்கே ஐந்து பேர்.
மளுக்கென்றது.
பெஞ்சு ஒரு பக்கமாய் மண்டியிட
ஆறு பேரும் ஒருவர் மடியில் ஒருவர்,
பாஸ்புத்தகங்கள் தரையில்,
யாரோ சிரிக்க ஆரம்பித்து எல்லோரும் சிரித்தார்கள்.
பேங்க்ரப்ட்:
உடைந்த பெஞ்சு.
நொடித்தவன் பெஞ்சைச் சந்தையிலேயே உடைப்பார்கள் என்று ஒரு கதை,
அகராதிக்கே அதில் சந்தேகம்.
சொல் நாக்கு நுனிவரை வந்தது.
மேலாளர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

பூமயில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.
ஒப்புதல் குத்தினேன்.
கிரெடிட் என்ற சொல்லுக்குள்
நம்பு என்று ஒரு லத்தீன் வினை இருக்கிறது,
யார் யாரை என்று போடவில்லை.

வெள்ளிக்கிழமை தச்சர் ஆரோக்கியம் வந்தார்.
தேக்குக்கால் கிடைக்கவில்லை, வேம்பு வைத்தார்.
மூன்று கால் கடல் தாண்டியது,
ஒன்று புதுவயல் சாலையோரத்தில் நின்றது.
"தாங்குமா?" என்றார் மேலாளர்.
உளியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:
"உக்காந்து பாருங்க."